ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸில் ஓடியதும் நின்றதும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2024 அக்டோபர் 31 அன்று எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஓர் அறிவிப்போடு, ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்னும் இணைய ஆட்டத்தை லினக்ஸ் கணினியில் ஆடும் வழி மூடப்பட்டது. முந்தைய நாள் வரை அந்த ஆட்டம் லினக்ஸில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் எந்தப் பழுதும் நேரவில்லை. கிராபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள்கள் மாறவில்லை. விண்டோஸ் ஆட்டங்களை லினக்ஸில் ஓட்ட உதவும் புரோட்டானிலும் கோளாறு இல்லை. ஆட்டத்தை நடத்துபவர்கள், தாங்கள் முன்பு கொடுத்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 2022 மார்ச் வாக்கில் கிடைத்த அந்த அனுமதி சுமார் 2 ஆண்டு 8 மாதம் நீடித்தது.

விண்டோஸுக்காக எழுதப்பட்ட இணைய ஆட்டத்தை லினக்ஸில் ஓட்டுவது பற்றிப் பேசும்போது, ‘லினக்ஸில் ஓடுமா, ஓடாதா’ என்ற ஒரே கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுவது வழக்கம். ஆய்வுக்கு ஏபெக்ஸை எடுத்துக்கொண்டதன் காரணம், அந்தக் கேள்விக்குள் இருக்கும் இரண்டு கேள்விகளையும் இந்த நிகழ்வு தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது என்பதே. ஆட்டத்தின் நிரல் லினக்ஸில் இயங்குமா என்பது ஒன்று. அது இயங்கும் கணினியை ஆட்ட நிறுவனம் நம்புமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை காணக் கட்டற்ற மென்பொருள் உலகம் 25 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. இரண்டாவது கேள்விக்கான விடை அந்த உலகத்தின் கையில் இல்லை.

ஆட்டமும் அதன் அமைப்பும்

எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் கீழுள்ள ரெஸ்பான் என்டர்டெயின்மென்ட் உருவாக்கிய ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2019 பிப்ரவரி 4 அன்று வெளிவந்தது. ஒரே நிலப்பரப்பில் மூவர் மூவராக 60 பேர் இறங்கி, கடைசிவரை தாக்குப்பிடிக்கும் அணி வெல்வது அதன் அடிப்படை. வால்வ் நிறுவனம் ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் தளத்துக்கு அது 2020 நவம்பரில் வந்தது. லினக்ஸ் ஆட்டங்களுக்கு யாரையும்விட அதிகம் செலவழித்த வால்வ் நிறுவனத்தின் ‘சோர்ஸ்’ என்ஜினை, அதாவது ஆட்டங்களின் அடித்தள மென்பொருளை, பெரிதும் மாற்றியமைத்துத்தான் ஏபெக்ஸ் எழுதப்பட்டது என்பது இதில் ஒரு சின்ன வேடிக்கை. ஆனாலும் ஏபெக்ஸுக்கு லினக்ஸ் பதிப்பு ஒருபோதும் வந்ததில்லை.

இந்த ஆய்வுக்கு முக்கியமான இன்னொரு செய்தி, இது இலவச ஆட்டம் என்பது. காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்தில் ஏமாற்றி மாட்டிக்கொண்டு கணக்கு முடக்கப்பட்டால், அதே ஆட்டத்தை மறுபடி வாங்கியாக வேண்டும். இலவச ஆட்டத்திலோ புதிய கணக்கொன்றைத் திறந்துகொண்டு அன்று மாலையே திரும்பி வந்துவிடலாம். தண்டனைக்குப் பெரிய வலு இல்லாத இடத்தில் வாசலில் நிற்கும் காவலை இறுக்குவதுதான் நிறுவனத்துக்கு மிஞ்சும் வழி. ஏபெக்ஸுக்கு அந்தக் காவல், பின்லாந்தில் தோன்றி 2018-இல் எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போன ஈசி ஆன்டி-சீட் என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்.

நிரல் ஓடிய விதம்

வைன் திட்டம் 1993-இல் தொடங்கியது. ‘வைன் ஒரு எமுலேட்டர் (ஒரு கணினியையே மென்பொருளால் போலச் செய்யும் நிரல்) அல்ல’ என்பதே அந்தப் பெயரின் விரிவு. விண்டோஸ் நிரல் ஒன்று கோப்பைத் திறக்கவோ நினைவகம் கேட்கவோ சாளரம் வரையவோ விண்டோஸிடம் விடுக்கும் அழைப்புகளை இடைமறித்து, அதே வேலையை லினக்ஸின் அழைப்புகளால் செய்து கொடுப்பது வைனின் பணி. நிரலின் கட்டளைகள் செயலியில் நேரடியாகவே ஓடுகின்றன. விண்டோஸ் கர்னல் செய்யும் ஒருங்கிணைப்பு வேலைகளை ‘வைன்சர்வர்’ என்ற தனி நிரல் பார்த்துக்கொள்கிறது. 1994 முதல் அலெக்சாண்டர் ஜூலியார்டின் தலைமையில் வளர்ந்த இத்திட்டத்தின் 1.0 பதிப்பு 2008 ஜூனில்தான் வந்தது. அந்த நிதானத்தைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால், முழுமையாக ஆவணப்படுத்தப்படாத ஓர் இயங்குதளத்தின் நடத்தையை, அதன் பிழைகள் உட்பட, வெளியே இருந்தே கவனித்துத் திரும்ப எழுதுவது 15 ஆண்டு வேலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆட்டங்களுக்கு அது மட்டும் போதவில்லை. ஏபெக்ஸ் போன்ற ஆட்டங்கள் அந்த நாட்களில் டைரக்ட்3டி 11 என்ற விண்டோஸ் கிராபிக்ஸ் இடைமுகம் வழியாகவே கிராபிக்ஸ் கார்டோடு பேசின. அந்த அழைப்புகளை ஓப்பன்ஜிஎல் என்ற பொது இடைமுகத்துக்கு மாற்றும் வைனின் பழைய முறை மெதுவானது. பல இடங்களில் படம் கோணலாகவும் வந்தது. பிலிப் ரெபோலே என்ற நிரலாளர் நியர்: ஆட்டோமேட்டா ஆட்டத்தை லினக்ஸில் ஆட வேண்டும் என்ற ஆசையில் எழுதத் தொடங்கிய டிஎக்ஸ்விகே, டைரக்ட்3டி 11 அழைப்புகளை வல்கன் என்ற புதிய இடைமுகத்தின் அழைப்புகளாக மாற்றியது. வால்வ் அவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டது. வைனில் நெடுங்கால அனுபவமுள்ள கோட்வீவர்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, வைனையும் டிஎக்ஸ்விகேயையும் இன்னும் பல திருத்தங்களையும் ஒன்றாகக் கட்டி, 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்ற பெயரில் ஸ்டீமுக்குள் வைத்தது. அதன்பின் ஆட்டக்காரர் தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை. விண்டோஸில் செய்வதைப் போலவே ஆட்டத்தை இறக்கி, தொடங்கும் பொத்தானை அழுத்தினால் போதும்.

வேகத்தைப் பற்றிய சிக்கல்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. ஒரு விண்டோஸ் நிரல் ஒரே அழைப்பில் 64 பொருள்கள் (மற்றொரு வேலை முடிந்ததைத் தெரிவிக்கும் குறிகள்) வரை எதிர்நோக்கிக் காத்திருக்க முடியும். லினக்ஸில் அதற்கு நேர் இணை இல்லாததால், ஒவ்வொரு காத்திருப்புக்கும் வைன்சர்வர் வரை போய்த் திரும்ப வேண்டியிருந்தது. பல திரிகளில் (ஒரே சமயத்தில் நடக்கும் வேலைத் தொடர்களில்) ஓடும் ஆட்டத்தில் இந்த அலைச்சல் செயலியின் நேரத்தைத் தின்றுவிடும். முதலில் ஈசிங்க், பிறகு எஃப்சிங்க் என்ற இடைக்கால ஏற்பாடுகள் வந்தன. 2022 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 5.16 கர்னலில் ‘ஃபியூடெக்ஸ் வெயிட்வி’ என்ற புதிய அழைப்பே சேர்க்கப்பட்டது. ஆட்டங்களின் தேவைக்காக லினக்ஸ் கர்னலையே திருத்தும் அளவுக்கு அப்போது நிலைமை மாறியிருந்தது.

ஏபெக்ஸ் ஆடியவர்களை உண்மையில் வாட்டியது ஷேடர் தடங்கல். ஆயுதத்தின் ஒளி, புகை, வெடிப்பு என ஒவ்வொரு காட்சி விளைவுக்கும் கிராபிக்ஸ் கார்டில் ஓடும் ஷேடர் என்ற சிறு நிரல் ஒன்று உண்டு. அது முதன்முறையாகத் தேவைப்படும்போது டிஎக்ஸ்விகே அதை மாற்றி, டிரைவர் அதைத் தொகுத்து முடிக்கும்வரை திரை ஒரு கணம் உறைந்துவிடும். வரலாற்றுக் கதை சொல்லும் தனியாள் ஆட்டத்தில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். எதிரி கதவைத் திறந்து சுடும் அந்தக் கணத்தில்தான் புதிய விளைவுகள் திரைக்கு வரும் என்பதால், ஏபெக்ஸில் அது சாவு. சிலர் டிஎக்ஸ்விகேயின் ‘அசிங்க்’ திருத்தத்தைப் போட்டுக்கொண்டார்கள். தொகுத்து முடியாத பொருளை வரையாமல் விட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடரச் செய்வது அதன் உத்தி. உறைதல் குறைந்தாலும், எதிரில் இருக்கும் ஒன்று சில கணங்களுக்குக் கண்ணில் படாமலே போகலாம். அதைவிட, மாற்றப்பட்ட நூலகக் கோப்பைக் காவல் மென்பொருள் ஏமாற்றுக் கருவி என்று எண்ணிக் கணக்கை முடக்கிவிடுமோ என்ற பயம் பலரைத் தடுத்தது. 2022 நவம்பரில் வந்த டிஎக்ஸ்விகே 2.0, வல்கனில் புதிதாகச் சேர்ந்த ஒரு நீட்சியைப் பயன்படுத்தி, ஆட்டம் ஷேடர்களை ஏற்றும்போதே பெரும்பகுதித் தொகுப்பை முடித்துவிட வழி செய்தது. டிரைவர்களும் அந்த நீட்சியை ஏற்கத் தொடங்கியபின் இந்தத் தொல்லை பெருமளவு தணிந்தது. வால்வின் ஸ்டீம் டெக் கையடக்கக் கணினியிலோ, எல்லாக் கருவிகளிலும் ஒரே வகைக் கிராபிக்ஸ் சில்லு இருப்பதால், தொகுத்து முடித்த ஷேடர்களையே ஸ்டீம் அனுப்பிவைக்க முடிந்தது.

காவல் எங்கே நிற்கிறது

ஆனால், இந்தப் பொறியியல் எல்லாம் கூடிவந்த பிறகும், 2022 வரை ஏபெக்ஸ் லினக்ஸில் ஆட முடியாததாகவே இருந்தது. கோப்புகள் இறங்கும், ஈசி ஆன்டி-சீட் தொடங்கும், அத்தோடு நின்றுவிடும்.

காரணம் அது இயங்கும் இடத்தில் இருக்கிறது. விண்டோஸில் ஈசி ஆன்டி-சீட் கர்னல் டிரைவராக நிறுவப்படுகிறது. கணினியில் இயங்கும் மற்ற நிரல்களைவிட உயர்ந்த அதிகாரத்தில் இருந்துகொண்டு, ஆட்டத்தின் நினைவகத்தை வேறு யார் படிக்கிறார்கள், என்னென்ன டிரைவர்கள் ஏற்றப்பட்டுள்ளன, ஆட்டத்தின் கோப்புகள் மாற்றப்பட்டனவா என்றெல்லாம் கவனிக்கிறது. வைன் கொடுப்பது விண்டோஸின் பயனர் மட்டத்தை, அதாவது சாதாரண நிரல்கள் இயங்கும் பகுதியை, மட்டுமே. அதற்குக் கீழே விண்டோஸ் கர்னல் என்று எதுவும் கிடையாது. விண்டோஸ் டிரைவரை லினக்ஸ் கர்னலுக்குள் ஏற்றவும் முடியாது. ஆகவே, வைனை எவ்வளவு செப்பனிட்டாலும் காவல் மென்பொருள் எதிர்பார்க்கும் தரை காலுக்குக் கீழே இருக்காது.

2021 ஜூலையில் வால்வ் ஸ்டீம் டெக்கை அறிவித்தது. ஆர்ச் லினக்ஸ் என்ற விநியோகத்தை (லினக்ஸின் ஒரு தொகுப்பை) அடிப்படையாகக் கொண்ட அந்தக் கருவி விற்க வேண்டுமென்றால், பெயர்பெற்ற இணைய ஆட்டங்கள் அதில் ஓடியாக வேண்டும். செப்டம்பர் 23 அன்று எபிக் கேம்ஸ், ஈசி ஆன்டி-சீட் இனி லினக்ஸையும் மேக்கையும் ஆதரிக்கும் என்றும், வைன், புரோட்டான் வழியே ஓடும் ஆட்டங்களும் அதில் அடங்கும் என்றும் அறிவித்தது. ஆட்டத்தை உருவாக்குபவர் தன் நிர்வாகப் பக்கத்தில் சில சொடுக்குகளில் இதை இயக்கிவிடலாம் என்றது. அடுத்த நாளே பேட்டில்ஐ என்ற மற்றொரு காவல் மென்பொருளும், ஆட்ட நிறுவனங்கள் விரும்பினால் புரோட்டானை ஆதரிப்பதாகச் சொன்னது.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் டிரைவரை லினக்ஸில் ஓட வைப்பதை விட்டுவிட்டு, லினக்ஸுக்கென்றே தொகுத்த காவல் நூலகம் ஒன்றை ஆட்டக் கோப்புகளோடு வைத்தார்கள். புரோட்டானின் துணையோடு ஆட்டத்தின் விண்டோஸ் பகுதி அதனோடு பேசியது. அந்த நூலகம் கர்னலுக்குள் போகவில்லை. மற்ற நிரல்களைப் போலப் பயனர் மட்டத்திலேயே இயங்கியது. விண்டோஸில் மாடியில் இருந்து பார்த்த காவலாளி, லினக்ஸில் தெருவில் நின்று பார்த்தார் என்று வைத்துக்கொள்ளலாம். 2024-இல் நடந்தது அனைத்துக்கும் வித்து இதில்தான் இருந்தது.

அந்த வித்தை முதலில் கண்டு சொன்னது, ஆச்சரியமாக, எபிக் கேம்ஸின் தலைவரே. ஸ்டீம் டெக் கடைக்கு வருவதற்குச் சற்று முன், 2022 பிப்ரவரியில், எபிக்கின் சொந்த ஆட்டமான ஃபோர்ட்நைட்டுக்கும் இந்த அனுமதியைக் கொடுப்பீர்களா என்று டிம் ஸ்வீனியிடம் கேட்டபோது அவர் மறுத்தார். பயனர்களே மாற்றியமைத்த கர்னல்கள் உட்படப் பலவிதமான கர்னல் அமைப்புகளில், பெரும் எண்ணிக்கையில் ஏமாற்றுக்காரர்களை எதிர்கொள்ள முடியும் என்ற நம்பிக்கை தங்களுக்கு இல்லை என்பது அவர் தந்த விளக்கம். காவல் மென்பொருளை வழங்குபவரே தன் வீட்டு வாசலில் அதை இந்த நிலையில் நிறுத்த முன்வரவில்லை.

ரெஸ்பான் முன்வந்தது. ஸ்டீம் டெக் 2022 பிப்ரவரி 28 அன்று விற்பனைக்குப் போன அதே நாட்களில் ஏபெக்ஸில் அந்த அனுமதி இயக்கப்பட்டது. டெக்கில் மட்டுமல்லாமல், மேசைக் கணினியில் எந்த லினக்ஸ் விநியோகத்தை வைத்திருப்பவரும் அதன்மூலம் உள்ளே வர முடிந்தது. கதை இங்கே திரும்புகிறது.

மூடலுக்குச் சொன்ன காரணம்

எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் 2024 அறிவிப்பில் மூன்று வாதங்கள் இருந்தன. லினக்ஸ் பலவகை ஏமாற்று மென்பொருள்களுக்கு வழியாக அமைந்துவிட்டது என்பது முதலாவது. அவற்றைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதோடு, அவை பெருகும் வேகத்துக்கு ஈடுகொடுக்க, ஒப்பளவில் சிறிய ஒரு தளத்துக்காகத் தங்கள் குழு அளவுக்கு மீறிய கவனத்தைச் செலவிட வேண்டியிருக்கிறது என்பது இரண்டாவது. உண்மையான ஸ்டீம் டெக்கையும், தன்னை டெக் என்று சொல்லிக்கொள்ளும் ஏமாற்றுக் கணினியையும் நம்பகமாகப் பிரித்தறிய வழியில்லை என்பது மூன்றாவது.

முதல் வாதம் தொழில்நுட்ப அளவில் சரியானது. லினக்ஸில் நிர்வாகி அதிகாரம் உள்ள நிரல் எதுவும் மற்றொரு நிரலின் நினைவகத்தைப் படிக்க முடியும். அதற்கான வசதிகள் பிழை திருத்துவோருக்காகக் கர்னலிலேயே இருக்கின்றன. ஏமாற்றுக் கருவி கர்னல் மட்டத்தில் இருக்க, காவல் பயனர் மட்டத்தில் இருந்தால், கர்னல் என்ன பதில் சொல்கிறதோ அதைத்தான் காவல் நம்பியாக வேண்டும். கர்னலைத் திருத்தித் தொகுத்துக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு என்பது லினக்ஸின் ஆதாரக் கொள்கை. விண்டோஸிலோ, கர்னலுக்குள் நுழையும் டிரைவருக்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் கையொப்பம் தேவை. பிழை மலிந்த பழைய டிரைவர்களைப் பயன்படுத்தி அதையும் தாண்டுகிறார்கள் என்றாலும், தாண்ட ஒரு வேலியாவது இருக்கிறது.

மூன்றாவது வாதத்தைச் சாக்கு என்று பலர் ஒதுக்கினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓர் ஆட்டம் தான் ஸ்டீம் டெக்கில் ஓடுவதாக அறிந்துகொள்ளும் வழக்கமான வழி, ‘ஸ்டீம்டெக்=1’ என்று அமைந்த ஒரு சூழல் மாறி, அதாவது நிரல் தொடங்கும்போது அதற்குக் கொடுக்கப்படும் ஒரு மதிப்பு. ஸ்டீமில் ஆட்டத்தின் தொடக்க விருப்பங்களில் அந்த ஒரு வரியை எழுதினால், எந்த மேசைக் கணினியும் தன்னை டெக் என்று சொல்லிக்கொள்ளும். வன்பொருளின் பெயர் முதலிய மற்ற அடையாளங்களும் கர்னல் வழியாகத்தான் தெரியவருகின்றன. கர்னலே பயனரின் கையில் இருக்கும்போது, ‘டெக்கை மட்டும் விட்டுவிடுங்கள்’ என்ற கோரிக்கையை நிறைவேற்றுவது கேட்பதற்கு இருக்கும் அளவு எளிதன்று.

இரண்டாவது வாதம் கணக்கு சார்ந்தது. விவாதத்துக்கு இடமுள்ளது அதுதான். அந்த நாட்களில் ஸ்டீமின் மாதாந்திரக் கணக்கெடுப்பில் லினக்ஸின் பங்கு 2 சதவீதத்தை ஒட்டி இருந்தது. ஏமாற்றுக்காரர்களில் எத்தனை பேர் லினக்ஸில் இருந்தார்கள் என்ற எண்ணை நிறுவனம் அந்த அறிவிப்பில் தரவில்லை. தடைக்குப் பிறகு ஏமாற்று நடந்த போட்டிகளின் விகிதம் இறங்கியதைக் காட்டும் வரைபடம் ஒன்றை ஆட்டக் குழு பின்னர் வெளியிட்டது. ஆனால், தடை வந்த ஐந்தாம் நாள், நவம்பர் 5 அன்று, ஆட்டத்தின் 23-ஆவது சீசனும் தொடங்கியது. புதிய சீசனில் ஆட்டக் கோப்புகள் மாறும். பழைய ஏமாற்று நிரல்கள் பல உடையும். புதிதாக வருவோரின் கூட்டமும் சேரும். இறக்கத்தில் லினக்ஸ் தடையின் பங்கு எவ்வளவு என்று அந்த வரைபடத்தைக் கொண்டு பிரித்துச் சொல்ல இயலாது. விண்டோஸில் ஏமாற்றுவோர் அதன்பிறகும் இருந்தார்கள் என்பதை ஏபெக்ஸ் ஆடுபவர் எவரும் ஒப்புக்கொள்வர்.

இந்தச் சண்டை புதிதன்று. 2006 நவம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டை வைனின் வழித்தோன்றலான செடேகா மூலம் லினக்ஸில் ஆடிய சிலரின் கணக்குகளை அதன் காவல் நிரல் தவறாக முடக்கியது. அந்த ஆட்டத்தின் நிறுவனமான பிளிசார்ட் விசாரித்து அவற்றைத் திருப்பித் தந்தது. அன்று லினக்ஸ் பயனர் தவறாகச் சந்தேகிக்கப்பட்ட தனிமனிதர். 2024-இல் சந்தேகம் மனிதரைவிட்டு இயங்குதளத்தின்மேல் போய்விட்டது. முறையிட்டுத் திரும்பப் பெற அங்கே கணக்கு என்று எதுவும் இல்லை.

அதே ஆண்டில் வேறு கதவுகளும் சாத்தப்பட்டன. மே மாதம் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், வேன்கார்டு என்ற கர்னல் மட்டக் காவலுக்கு மாறியதும், வைனில் பல ஆண்டு ஓடிய அந்த ஆட்டம் நின்றது. செப்டம்பரில் ஜிடிஏ ஆன்லைன் பேட்டில்ஐயைச் சேர்த்தபோது, புரோட்டானை அனுமதிக்கும் வசதி அந்த மென்பொருளில் இருந்தும் அது இயக்கப்படவில்லை. மறுபக்கம், ஈசி ஆன்டி-சீட்டைப் பயன்படுத்தும் எல்டன் ரிங் லினக்ஸில் தொடர்ந்து இணையத்தோடு ஓடுகிறது. அதே காவலைக் கொண்ட இலவசத் துப்பாக்கி ஆட்டமான தி ஃபைனல்ஸும் ஓடுகிறது. ஆக, ஒரே காவல் மென்பொருளை வைத்துக்கொண்டு இருவேறு முடிவுகளை எடுக்க முடிகிறது. காவலின் பெயரைப் பார்த்து ஓர் ஆட்டம் லினக்ஸில் ஓடுமா என்று முடிவு கட்டுவது அதனால் பயனற்றது. அந்த ஆட்ட நிறுவனம் இன்று என்ன சொல்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நாளை அது மாறலாம் என்பதையும் சேர்த்தே.

மிஞ்சிய வழிகள்

தடைக்குப் பிறகு ஏபெக்ஸை விட மனமில்லாத லினக்ஸ் பயனருக்கு இருந்த வழிகள் குறைவு. விண்டோஸை மெய்நிகர் கணினியில் ஏற்றி, கிராபிக்ஸ் கார்டை அதற்கு ஒப்படைக்கும் முறை உண்டு. ஆனால் மெய்நிகர் கணினிகளையும் காவல் மென்பொருள் இனங்கண்டு மறுக்கிறது. அதை மறைக்க முயல்வது கணக்கையே பணயம் வைப்பதாகும். வட்டின் ஒரு பகுதியில் விண்டோஸை நிறுவி, ஆட வேண்டிய நேரத்தில் மட்டும் அதில் தொடங்குவது நேர்மையான, அலுப்பூட்டும் வழி. ஸ்டீம் டெக் வைத்திருப்பவரும் அதில் விண்டோஸை ஏற்றிக்கொண்டு ஆடத் தடையில்லை. ஆட்டம் தொலைவில் உள்ள கணினியில் ஓட, படம் மட்டும் இணையம் வழியே வரும் மேகச் சேவைகள் மூன்றாவது வழி. துப்பாக்கி ஆட்டத்தில் விரலுக்கும் திரைக்கும் இடையே கூடும் தாமதம் அவற்றின் குறை.

பொறியியல் பக்கத்தில் வேலை நிற்கவில்லை. 2025 மார்ச்சில் வந்த லினக்ஸ் 6.14 கர்னலில், கோட்வீவர்ஸைச் சேர்ந்த எலிசபெத் ஃபிகுரா பல ஆண்டு உழைத்து எழுதிய என்டிசிங்க் டிரைவர் முழுமையாக இடம்பெற்றது. விண்டோஸ் நிரல்களின் காத்திருப்பு முறைகளை, இடைக்கால ஏற்பாடு எதுவும் இல்லாமல், விண்டோஸில் நடப்பது போலவே லினக்ஸ் கர்னலுக்குள் நடத்திக் கொடுப்பது அது. பல திரிகளில் ஓடும் ஏபெக்ஸ் போன்ற ஆட்டத்துக்காகவே வந்தது போன்ற வசதி. அது கர்னலில் சேர்ந்தபோது, ஏபெக்ஸ் லினக்ஸை வாசலிலேயே திருப்பி அனுப்பத் தொடங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது.